பிரேக் அழுத்தாத லாசரஸ்

சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தைக்கு எதிரே உள்ள சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு. வேறு யாராவது என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். லாசரஸ் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

வேனின் பின்பகுதியில், நீளவாக்கில் போட்ட கட்டிலில் அவர் மனைவி ரூபி சாய்ந்து படுத்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். குழாயின் மறுமுனை, காலடியில் மெல்ல உறுமிக்கொண்டிருந்த மெஷினில். மெஷினின் வயர் வண்டியின் மின்சாரத்தில். அந்த மின்சாரத்தைத் தருவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர். அது செத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அந்த விளக்கு சொன்னது.

"என்னங்க?" என்றாள் ரூபி.

"ஒண்ணுமில்லமா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அந்த வீட்டில் கொஞ்ச காலமாக எல்லாரும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் அது கெட்ட எண்ணத்தில் வந்த பழக்கமில்லை.

லாசரஸ் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் இழுவை வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னால் குட்டி வண்டி, அதன் வாலில் சரக்குப் பெட்டிகளை ஏற்றிய தட்டு வண்டிகள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக வரும். திடீரென்று பிரேக் அழுத்தினால் வால் ஒரு பக்கம் வீசும், பெட்டி சரியும், மேலதிகாரி வந்து நிற்பார். அதனால் நல்ல ஓட்டுநர் வெகுதூரத்திலேயே காலை எடுத்துவிடுவான், வேகம் தானாகக் குறைந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். லாசரஸ் அதில் கெட்டிக்காரர். "பிரேக்க தொடுறவன் ஓட்டத் தெரியாதவன்" என்று கேண்டீனில் சொல்லிக்கொண்டு திரிவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

ரூபியைக் கல்யாணம் செய்துகொண்ட சில வருடங்களில், பிள்ளை வரம் கேட்டு இருவரும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனார்கள். மலேசியாவின் வடக்கே, பினாங்குக்கு இந்தப் பக்கம், ஜூலை கடைசியில் நடக்கும் திருவிழா. பிள்ளை வரவில்லை. அவர்கள் போவதையும் நிறுத்தவில்லை. முதலில் பங்குக் கோவில் பஸ்ஸில் போனார்கள். ஓய்வு பெற்றபின் லாசரஸ் ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார், அலமாரி செய்தார், எஞ்சின் நின்ற பிறகும் விளக்கெரிய இரண்டாவது பேட்டரி வைத்தார், ஒற்றை அடுப்பு வைத்தார். ரூபி திரை தைத்தாள். கோவில் மைதானத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே தூங்கி, மெழுகுவர்த்திப் பவனி முடிந்து திரும்புவார்கள். வருடம் முழுவதும் ரூபி பேசுவது அந்தச் சில நாட்களைப் பற்றித்தான்.

பிறகு அவளுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகத் தொடங்கியது. இறுகியது திரும்ப இளகாத நோய். முதலில் படியேறினால் மூச்சு வாங்கியது, பிறகு குளித்தால், பிறகு பேசினால். அடுத்த ஜூலையைப் பற்றி ரூபி கேட்டபோது டாக்டர் பேச்சை மாற்றினார். ரூபி விவரமானவள். மாற்றிய பேச்சிலிருந்தே பதிலைப் புரிந்துகொண்டாள்.

"இந்த வருஷம் என்னைக் கொண்டுபோயிடுங்க. அப்புறம் நான் எதுவும் கேக்கமாட்டேன்," என்றாள்.

ரூபியின் தங்கை அபிகேல் வீட்டோடு வந்து தங்கினாள். முதியோர் இல்லத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவள், பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். நோயாளியைத் தூக்கவும் திருப்பவும் தெரியும், அதட்டவும் தெரியும். வந்ததும் அவள் போட்ட முதல் சட்டம், ரூபியின் காதுபட யாரும் கெட்ட செய்தி பேசக்கூடாது என்பது. படபடப்பு வந்தால் மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். சட்டத்தில் தப்பில்லை. லாசரஸ் அதை ஜெபம் மாதிரி பிடித்துக்கொண்டார். மெஷின் வாடகை ஏறினாலும் எல்லாம் சரி, லிப்ட் பழுதானாலும் எல்லாம் சரி. நாளடைவில் அபிகேலிடமும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். தனக்குத் தானேயும்.

*

ரியாஸ், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் மெக்கானிக். பானெட்டைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தான்.

"அங்கிள், இந்த வண்டி எனக்கு அண்ணன் லா. மரியாதையா வணக்கம் சொல்லிட்டுத்தான் தொடணும்."

"வணக்கம் சொல்லு. அப்புறம் ஆல்டர்னேட்டர பாரு."

பார்த்தான். உள்ளே பேரிங் உடைந்து, தண்டு ஆடி ஆடி எல்லாவற்றையும் அரைத்திருந்தது. புதிதின் விலையைச் சொன்னான். லாசரஸ் சிரித்துவிட்டார். கையில் அவ்வளவு பணமில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே ரியாஸுக்குப் புரிந்தது.

"பழசு ஒண்ணு தேடிப் பாருப்பா. ஸ்கிராப்புக்குப் போன வண்டில இதே மாடல் கெடைக்காமலா போகும்?"

கிடைத்தது. ஒரு ஞாயிறு மதியம், முதலாளியிடம் சொல்லிவிட்டு ரியாஸ் பட்டறையைத் திறந்தான். லாசரஸ் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். பேட்டரி வயரைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, பழையதை இறக்கி, வந்ததை ஏற்றினான் ரியாஸ். எஞ்சினைக் கிளப்பினான். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஹெட்லைட், ஏர்கான், உள்விளக்கு எல்லாவற்றையும் போட்டான். லாசரஸ் வாடகைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்த இன்னொரு ஆக்சிஜன் மெஷினையும் மாட்டினார்கள். மீட்டர் முள் இறங்கவில்லை.

"கரண்ட் சூப்பர் அங்கிள். ஊரே இதுல ஓட்டலாம்."

லாசரஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இருங்க, இன்னும் முடியல." ரியாஸ் ஓட்டுநர் சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்தான். விட்டான். மிதித்தான். விட்டான். நாலைந்து முறை வேகவேகமாக மிதித்தபின் பெடல் கீழே இறங்கவில்லை. ரியாஸின் முழங்கால்தான் மேலே வந்தது. "நீங்க ஏறிப் பாருங்க."

லாசரஸ் ஏறி மிதித்தார். தரையை மிதிப்பது போலிருந்தது.

ரியாஸ் விளக்கினான். இந்த மாதிரி பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சின்னக் காற்றுறிஞ்சி பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். மனிதக் கால் மட்டும் மிதித்தால் இவ்வளவு கனமான வண்டி நிற்காது. அந்த பம்ப் துணைக்கு இழுப்பதால்தான் பிரேக் லேசாக இறங்குகிறது. இப்போது வந்திருப்பதில் பம்ப் தேய்ந்திருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் பிடிக்கும். திரும்பத் திரும்ப அழுத்தினால் கல்லாகிவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வரும்.

"பழைய பம்ப எடுத்து இதுல போட முடியாதா?"

"அதையும் அந்த பேரிங் தின்னுடுச்சு அங்கிள். புது பம்ப்புக்கு மலேசியால, ஜோகூர்ல சொல்லிவெச்சிருக்கேன். ஆகஸ்ட்ல வந்துடும். அதுவரைக்கும் கடைக்கு, கோவிலுக்கு, அவ்ளோதான். ஹைவே வேணாம். ஜாம்ல போய் மாட்டிக்காதீங்க."

"ஜூலை கடைசில ஒரு பயணம் இருக்கு தம்பி."

"பஸ்ல போங்க."

"பஸ்ல அவளுக்கு யாரு கரண்ட் குடுப்பா?"

ரியாஸ் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தான். "கரண்ட் இருந்தா மட்டும் போதுமா அங்கிள்?"

வீடு திரும்பும் வழியெல்லாம் லாசரஸ் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தார். ஒருமுறை அழுத்தினால் பிடிக்கும் என்றானே, தனக்கு எதற்கு இரண்டாவது முறை? வாழ்நாள் முழுக்க பிரேக்கைத் தொடாமல் சரக்கு இழுத்தவர் இல்லையா? அன்று அவர் வந்த வழியில் ஞாயிற்றுக்கிழமைக் காற்று மட்டும்தான் எதிரே வந்தது. காலை முன்னாலேயே எடுத்தார், கியரை இறக்கினார், வண்டி சொன்னபடி கேட்டது. அவருக்குள் பெருமை தலைதூக்கியது. ஒரு மனிதனை ஏமாற்ற அவனுடைய கெட்டிக்காரத்தனத்தைவிடத் தோதானது எதுவும் இல்லை.

"சரியாயிடுச்சா அத்தான்?" என்று அபிகேல் கேட்டாள். ரூபி பக்கத்தில் இருந்தாள்.

"எல்லாம் சரி. கரண்ட் நிக்காம வரும். ரியாஸே சொன்னான்."

அது பொய்யில்லை. உண்மையின் ஒரு பாதி.

*

புறப்பட்ட காலை வெயில் சுள்ளென்று இருந்தது. அபிகேல் மருந்துப்பெட்டி, மாற்றுக் குழாய், ஒரு மணி நேரமே தாங்கும் மெஷினின் சொந்த பேட்டரி எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தாள். ரூபியின் காய்ச்சலைப் பார்த்தாள், இல்லை. விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்தாள், வழக்கம்போலத்தான். ரூபி புதுச் சேலை கட்டியிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. சந்தோஷம் என்று மற்ற இருவரும் நினைத்தார்கள்.

அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் சுழல்பாதையில் இறங்கும்போதே லாசரஸுக்கு முதல் எச்சரிக்கை வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் தேவைப்பட்டது. மூன்றாவது வளைவில் பெடல் கனத்தது. அவர் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் சற்று உட்கார்ந்திருந்தார். பெடல் மறுபடி மென்மையானது.

"என்ன அத்தான், இப்பவே களைச்சிட்டீங்களா? இன்னும் நாடே தாண்டல."

"கண்ணாடி சரியில்ல அபி."

விரைவுச்சாலையில் ஏறியதும் எல்லாம் எளிதாக இருந்தது. இடது ஓரமாக, மற்றவர்கள் திட்டும் வேகத்தில் ஓட்டினார். பின்னால் ரூபி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கு இரண்டு சொல், அடுத்த மூச்சுக்கு இரண்டு சொல். சிவப்பு விளக்கு எரியவில்லை. மெஷின் ஒரே சீராக உறுமியது. லாசரஸ் அந்த உறுமலைக் கேட்டுக் கேட்டுத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மலேசிய எல்லையை ஒட்டிய துவாஸை நெருங்கும்போது போன் அடித்தது. லாசரஸுக்குக் காது மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைத்திருப்பார்.

"அங்கிள், எங்க இருக்கீங்க?" ரியாஸின் குரல் வேனை நிறைத்தது. "வண்டிய எடுத்துட்டீங்களா? இங்க பாருங்க, அந்த ஆல்டர்னேட்டர் எந்த வண்டில இருந்து வந்துச்சுன்னு ஸ்கிராப் யார்டுல கேட்டேன். அந்த வண்டிய ஏன் கழிச்சாங்கன்னா, ஜாம்ல முன்னாடி போன..."

"ஆமாம்பா, ஆமாம்! ரொம்ப சந்தோஷம். வந்து பேசுறேன்," என்று சொல்லி லாசரஸ் போனை அணைத்தார். அதை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"யாருங்க?" என்றாள் ரூபி.

"ரியாஸ். நல்லபடியா போயிட்டு வாங்கன்னான்."

ஜெபமாலை தொடரவில்லை. பிறகு ரூபி, "நீங்க ஏன் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு ஓட்டுறீங்க?" என்று கேட்டாள்.

லாசரஸ் பிடித்திருந்த மூச்சை விட்டார். மூச்சைப் பற்றி அவளிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

அடுத்த வளைவைத் தாண்டியதும் சிவப்பு விளக்குகளின் கடல் தெரிந்தது. எல்லைச் சோதனைச் சாவடிக்குப் போகும் வரிசை. விடுமுறை இல்லாத நாள், காலை நெரிசல் முடிந்த நேரம், காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். எங்கேயோ ஒரு லாரி பழுதாகி நின்றதில் எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. வண்டிகள் ஒரு முழம் நகர்ந்தன, நின்றன, ஒரு முழம் நகர்ந்தன, நின்றன.

லாசரஸ் முன் வண்டிக்கும் தனக்கும் நீண்ட இடைவெளி விட்டார். இடைவெளியில் ஒரு கார் புகுந்தது. மறுபடி விட்டார். ஒரு டாக்சி புகுந்தது. சாங்கியில் அவர் முன்னால் யாரும் புகுந்ததில்லை. அங்கே கோடு போட்ட பாதை, எல்லாருக்கும் ஒரே வேகம். இங்கே அவர் கற்ற வித்தைக்கு இடமே இல்லை. அழுத்தினார், விட்டார், அழுத்தினார். பெடல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக இறங்கியது.

டாக்சி விலகியதும் முன்னால் ஒரு லாரி வந்தது. துவாஸ் பக்கம் வேலைக்குப் போகும் தொழிலாளர்களை ஏற்றிய திறந்த லாரி. பின்பலகைக்கு மேலே வரிசையாகத் தலைகள், அவரைப் பார்த்தபடி. ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒருவன் தேநீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையைக் கம்பியில் மாட்டி, குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மலேசியாவுக்குப் போகும் பாலத்தை நோக்கிச் சாலை லேசாக இறங்கியது. வரிசை திடீரென்று கலகலத்து வேகமெடுத்தது. லாரியும் வேகமெடுத்தது. லாசரஸும் எடுத்தார். பிறகு லாரி நின்றுவிட்டது.

அவர் மிதித்தார். கால் இறங்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தார். வேன் நிதானமாக, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தேநீர் குடித்தவன் குழலை வாயிலிருந்து எடுத்தான். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒருவரும் கத்தவில்லை. அவர்களுக்கு எழுந்து ஓட இடமில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஓரத்தில் இருந்தவன் மட்டும் உள்ளங்கையை விரித்து நீட்டினான், கையால் வேனை நிறுத்திவிடலாம் என்பதுபோல.

லாசரஸ் கியரைக் கீழே திணித்து, கைபிரேக்கை முழு பலத்தோடு இழுத்தார். பின்சக்கரங்கள் அலறின. பின்னால் மருந்துப்பெட்டி உருண்டது, பாத்திரம் சரிந்தது, ரூபி கத்தினாள். வேன் குலுங்கி, எஞ்சின் அணைந்து, நின்றது. பலகைக்கும் வேனின் மூக்குக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். கையை நீட்டியவன் அதை மெல்ல இறக்கி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான்! என்ன ஓட்டுறீங்க? தூங்கிட்டீங்களா?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தார் லாசரஸ். மிச்சம் வரவில்லை.

லாரி இடது பக்கம் விளக்குப் போட்டது. சாவடிக்கு முன்னால் உள்ள கடைசி வெளிவழியில், துவாஸுக்குள் திரும்பப்போகிறது. நேரே போனால் பாலம், ஜோகூர், நெடுஞ்சாலை, அன்னம்மாள். லாசரஸ் எஞ்சினைக் கிளப்பினார். ஒருமுறை முன்னால் பார்த்தார். பிறகு லாரியின் பின்னாலேயே, நடக்கும் வேகத்தில், கைபிரேக்கில் கை வைத்தபடி வெளியேறினார்.

*

இரண்டு பக்கமும் தொழிற்சாலை மதில்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. ஒரு மரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி, லாசரஸ் பின்னால் போனார். ரூபி இருமிக்கொண்டிருந்தாள். அபிகேல் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள்.

"ஏன் திரும்பினீங்க?" இருமலுக்கு நடுவே கேட்டாள் ரூபி. "இது பாலம் இல்லயே."

"பிரேக் இல்ல ரூபி." சொல்லிவிட்டு அவரே ஆடிப்போனார். அவள் முன்னால் அவர் கெட்ட செய்தி சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"தெரியும்."

"தெரியுமா?"

"காது உங்களுக்குத்தான் மந்தம். எனக்கில்ல. அந்தப் பையன் ஜாம்னு சொன்னதும் நீங்க போனை நிறுத்தினீங்க. கார் பார்க்லயே பிரேக்க அழுத்திட்டு உக்காந்திருந்தீங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா திரும்பிடுவீங்க."

அபிகேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல குடும்பம். புருஷன் பொண்டாட்டிகிட்ட மறைக்கிறாரு, பொண்டாட்டி புருஷன்கிட்ட மறைக்கிறா. நானும் இதே வண்டிலதானே உக்காந்திருக்கேன்? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மெதுவா போனா போயிடலாம்," என்றாள் ரூபி. அவள் லாசரஸை மட்டும்தான் பார்த்தாள். "ஓரமா. உங்களால முடியும். நீங்க பிரேக்கே தொடாம ஓட்டுறவர்தானே?"

"முன்னாடி லாரி நிறைய ஆளு இருந்தாங்கமா."

"நான் யாரையும் பாக்கலியே. எனக்கு இங்கேருந்து கூரைதான் தெரியும்."

அதனால் லாசரஸ் சொன்னார். தூங்கியவனை, தேநீர் குடித்தவனை, கையை நீட்டியவனை. அழகுபடுத்தாமல், பார்த்ததைப் பார்த்தபடி. ரூபி கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் முகத்தை ஜன்னல் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "கையை நீட்டினவன் சின்னப் பையனா?" என்றாள்.

"ஆமா. சின்னப் பையன்தான்."

அபிகேல் ரூபியின் விரலில் கருவியை மாட்டினாள். எண் நின்றதும் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு," என்றாள்.

அந்தக் குரலை லாசரஸுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய குரல் அது.

"எண்ணைச் சொல்லு அபி," என்றாள் ரூபி.

அபிகேல் தயங்கினாள். "எண்பத்திமூணு. தொண்ணூறாவது இருக்கணும். மெஷினைக் கூட்டிட்டேன். இன்னும் ஏறல." அக்காவின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "உடம்பு கொதிக்குது. காலைல பார்த்தப்ப காய்ச்சல் இல்லயே?"

"நீ பாக்குறதுக்கு முன்னாடி பெனடால், காய்ச்சல் மாத்திரை, போட்டுக்கிட்டேன்."

"எப்பலேருந்து?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து."

அபிகேல் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததுதான் லாசரஸைப் பயமுறுத்தியது. போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்து, வயது, நோய், எண், காய்ச்சல், இடம் என்று அடுக்கிச் சொன்னாள். ரூபி வேண்டாம் என்று கையசைத்தாள். "உன்ன நான் கேக்கல," என்றாள் அபிகேல்.

ஆம்புலன்ஸ் வரும்வரை லாசரஸ் மனைவியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு எதைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதங்கள் குளிர்ந்திருந்தன. மெஷின் ஓடியது, விளக்குகள் எரிந்தன, சின்ன விசிறி சுற்றியது. நின்ற இடத்தில் எவ்வளவு மின்சாரம் வேண்டுமானாலும் அந்த வண்டி தரும்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ரூபியைப் பெரிய ஆக்சிஜன் முகமூடிக்கு மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட ஒருவர் ஏறலாம் என்றார்கள். லாசரஸ் காலெடுத்து வைத்து, பிறகு நின்று, அபிகேலைப் பார்த்தார். "நீ போ. உனக்குத்தான் என்ன செய்யணும்னு தெரியும்."

கதவு மூடியது. சைரன் மதில்களுக்கு நடுவே போய்த் தேய்ந்தது. வேனை இழுத்துச்செல்ல லாசரஸ் அழைத்திருந்த வண்டிக்காரர் வந்து, தோளைத் தட்டி, "அங்கிள், எஞ்சின் இன்னும் ஓடுது லா. உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்கும்வரை, அவர் அதை அணைக்க வேண்டும் என்பதையே மறந்திருந்தார்.

*

ரூபி அன்று சாகவில்லை. நுரையீரலில் கிருமி பரவ ஆரம்பித்திருந்தது. பாலத்தைத் தாண்டி, ஜோகூர் நெடுஞ்சாலையில் பாதி தூரம் போயிருந்தால் கதை வேறு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இதை அன்னம்மாளின் அருள் என்று பங்குக் கோவிலில் சிலர் சொன்னார்கள். அபிகேல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தேய்ந்த பம்ப், ஒரு முட்டாள், ஒரு பெனடால் அட்டை, இதில் அருள் எங்கே வந்தது என்று கேட்டாள்.

ரியாஸ் பாதியில் விட்ட செய்தியை லாசரஸ் பிறகு நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஆல்டர்னேட்டர் இருந்த பழைய வண்டி, நெரிசலில் முன்னால் நின்ற வண்டியின் பின்னால் போய்ச் செருகியிருந்தது. ஓட்டியவருக்குப் பெரிய அடி. அதை அன்றிரவு வார்டில் ரூபியிடம் அப்படியே சொன்னார். அபிகேல் தடுக்கவில்லை. தான் போட்ட சட்டத்தை அவளே எடுத்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ரூபி இளைத்துப் பாதியாகியிருந்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்வதே ஒரு நாள் வேலையானது. ஆகஸ்டில் புது பம்ப் வந்தது. ரியாஸ் மாட்டினான். லாசரஸ் சீட்டில் உட்கார்ந்து, வேகவேகமாக, முழங்கால் வலிக்கும்வரை பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் இறங்கியது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ரூபியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டி எப்படி இருக்கு?" என்றாள்.

"பிரேக் நல்லாயிருக்கு. சைலன்சர்ல ஓட்டை. ஒரு டயர் மாத்தணும்."

"அடுத்த ஜூலைக்கு நான் இருப்பேனா?"

சமையலறையில் அபிகேல் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. லாசரஸ் கொஞ்சம் யோசித்தார்.

"தெரியல ரூபி. டாக்டர் கஷ்டம்னுதான் சொல்றாரு. வண்டி இருக்கும்."

ரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அவளுக்கு இப்போது ஆகாது, உடனே மூச்சு இழுக்கும். இழுத்தது. அவள் கையை உயர்த்தி, இருங்கள் என்று காட்டி, மூச்சு திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள்.